பிந்தி விண்ணப்பிக்கிறீர்களா? வன்னியிலிருந்து ஊடகக் கற்கைக்குப் பல்கலைக்கழகம் போக ஒரு முழுமையான வழிகாட்டி

விண்ணப்பம் மூட நான்கு நாள் இருக்கும்போது ஒரு தங்கச்சி பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே பெறுபேற்றுத் தாளின் போட்டோக் கொப்பி ஒன்று, அடையாள அட்டையின் கொப்பி இரண்டு. வேறொன்றும் இல்லை. "இணையத்தில போட்டுத் தாங்கோ அண்ணா, பத்து நிமிச வேலைதானே" என்றாள்.

பிந்தி வருகிற எல்லாரும் இணையப் படிவத்தைத்தான் முதலில் தொடுகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. இன்னொருவர் கையொப்பம் வைக்கவேண்டிய காரியம் எதுவோ அது முதலில். உங்கள் கையால் மட்டும் முடிகிற காரியம் இரவு பதினொரு மணிக்கும் செய்யலாம், அது பிறகு. இந்த ஒழுங்கைப் பிடித்தால் நான்கு நாள் போதும். அந்தத் தங்கச்சிக்கும் போதுமாக இருந்தது.

1. உங்கள் பிந்தல் எந்த வகை?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வகை மாறினால் வழியே மாறும்.

முதல் வகை: இந்த முறை உயர்தரப் பெறுபேறு வந்திருக்கிறது, விண்ணப்பத் திகதி இன்னும் முடியவில்லை, சில நாள்தான் மிச்சம். கீழே உள்ள பெரும்பகுதி உங்களுக்குத்தான்.

இரண்டாவது வகை: திகதி முடிந்துவிட்டது. நேரே 10ஆம் பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது வகை: உயர்தரம் எழுதிச் சில வருடங்கள் ஆகிவிட்டன, இப்போதுதான் ஊடகம் படிக்க மனம் வந்திருக்கிறது. பழைய பெறுபேற்றை வைத்து இந்த வருட உள்வாரி அனுமதிக்கு (பல்கலைக்கழகத்துக்குள் முழுநேர மாணவராகச் சேர்வதற்கு) விண்ணப்பிக்க முடியாது. ஒவ்வொரு வருட அனுமதியும் அந்தந்தப் பரீட்சை எழுதியவர்களுக்கு உரியது. இவர்களும் 10ஆம் பகுதியைப் பாருங்கள். வழி இருக்கிறது, ஆனால் வேறு கதவு.

திகதியை யாரிடமும் கேட்டு நம்பவேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உங்கள் கண்ணால் பாருங்கள். "போன வருசமும் நீடிச்சவங்கள், இந்த முறையும் நீடிப்பாங்கள்" என்று சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

2. எந்தக் கதவால் உள்ளே போவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. கைநூலில் (ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதி வழிகாட்டிப் புத்தகத்தில்) 'இதழியல்' என்று தேடினால் யாழ்ப்பாணம் வராது. 'கலை' என்ற கற்கைநெறிக்கு விண்ணப்பித்துத் தெரிவாகி, உள்ளே போன பிறகு ஊடகக் கற்கையைப் பாடமாக எடுப்பதுதான் வழி. இது தெரியாமல் "யாழ்ப்பாணத்தில ஊடகம் இல்லையாம்" என்று வேறு எதையோ போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 'தொடர்பாடல் கற்கைகள்' தனிக் கற்கைநெறியாகவே கைநூலில் இருக்கிறது. அதற்குத் தனிக் குறியீடு. யாழ்ப்பாணத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கவேண்டாம்.

வீட்டுக்குக் கிட்ட என்று வவுனியாவையோ கிளிநொச்சியையோ பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் இருக்கிறது, ஆனால் அங்குள்ளவை பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் சார்ந்த பீடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள். ஊடகம் படிக்க ஏ9 வீதியால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குத்தான் போகவேண்டும்.

தெற்கில் களனி போன்ற இடங்களில் வெகுசனத் தொடர்பாடல் துறை இருக்கிறது. அதைப் போடுமுன் மொழிமூலத்தைப் பாருங்கள். கிடைத்த பிறகு "தமிழில இல்லையா?" என்று கேட்டுப் பயனில்லை.

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கவில்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். கலைப் பிரிவு அனுமதிக்கு அந்தப் பாடம் கட்டாயம் இல்லை.

3. தகுதியைச் சரிபார்த்தல்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். மூன்று பாடங்களும் ஒரே தடவையில் சித்தி. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிக்குக் குறையாமல். பரீட்சை எழுதியது மூன்று தடவைக்குள். ஏற்கெனவே அரச பல்கலைக்கழகமொன்றில் உள்வாரி மாணவராகப் பதிந்திருக்கக்கூடாது.

கடைசி நிபந்தனையில்தான் சறுக்குகிறார்கள். போன வருடம் வேறொரு கற்கை கிடைத்துப் பதிந்து, பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டு, மீண்டும் பரீட்சை எழுதி வருகிறார்கள். பதிந்திருந்தால் பெரும்பாலும் கதவு மூடியதுதான். இதை முதல் நாளே அறிவது நல்லது. நாலு அலுவலகம் ஏறி இறங்கிய பிறகு அறிவது கொடுமை.

4. முதல் நாள் காலை: கையொப்பத்துக்கு அலைவது

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். பிந்தியவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

எந்தக் கடதாசி விண்ணப்பத்தோடு போகவேண்டும், எது தெரிவான பிறகு பதிவுக்குக் காட்டவேண்டும் என்பதை அந்த வருடக் கைநூல் சொல்லும். நான் எல்லாவற்றையும் ஒரே அலைச்சலில் எடுத்துவைக்கச் சொல்வேன். முத்தையன்கட்டிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் பிடித்து நகரத்துக்கு வருகிற ஒரு பிள்ளைக்கு இரண்டாவது பயணம் என்பது இன்னொரு நாள், இன்னொரு நாள் கூலி.

எடுக்கவேண்டியவை: பாடசாலை விடுகைப் பத்திரம், உயர்தரப் பெறுபேறு, சாதாரண தரப் பெறுபேறு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலர் கடிதம். ஒவ்வொன்றிலும் மூன்று கொப்பி.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

முதலில் பாடசாலை. அதிபர் கூட்டத்துக்குப் போனால் அன்றைய நாள் போனதுதான். போவதற்கு முந்திய இரவே ஒரு ஆசிரியரிடம் தொலைபேசியில் கேளுங்கள்: "நாளைக்கு சேர் நிக்கிறாரா?" காலை ஏழரைக்கு வாசலில் நில்லுங்கள். விடுகைப் பத்திரம் எழுத இடாப்பு எடுக்கவேண்டும், அதற்கு நேரம் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கொப்பிகளை அதிபரிடம் கொடுத்து உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். பிறகு ஒரு சமாதான நீதவானைத் தேடி அலையவேண்டியதில்லை.

அடுத்தது கிராம அலுவலர். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. சில நாள் பிரதேச செயலகத்தில், சில நாள் வெளிவேலையில். அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டுமா என்பதைக் கைநூலில் பார்த்துவிட்டே போகவேண்டும். வேண்டுமென்றால் அன்றே பிரதேச செயலகத்துக்கும் ஓடவேண்டிவரும்.

மூன்றாவது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். 2009இல் கையில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் இங்கே அதிகம். முகாமில் எடுத்த மங்கிய கொப்பியை இன்னும் மடித்து வைத்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தக் கொப்பியைத் தூக்கி எறியவேண்டாம். அதில் உள்ள பதிவு இலக்கமும் பதிவாளர் பிரிவும் இருந்தால் புதிய பிரதி எடுப்பது சுலபம். பிறந்த இடத்துக்கே போகவேண்டும் என்றில்லை, உங்கள் பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள். பதிவுகள் கணினிக்கு ஏறியிருந்தால் அங்கேயே கிடைக்கும்.

ஏன் பாடசாலை முதலில், பிரதேச செயலகம் பிறகு? பாடசாலையில் பிழை வந்தால் திருத்த அதிபர் ஒருவர்தான் இருக்கிறார். பிரதேச செயலகத்தில் ஒருவர் இல்லாவிட்டாலும் பதில் கடமைக்கு இன்னொருவர் இருப்பார்.

5. பெயர்

பெயருக்குத் தனிப் பகுதி தேவைதான்.

நான் விண்ணப்பித்த வருடம் என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்து வித்தியாசமாக இருந்தது. பிறப்பு அத்தாட்சியில் 'லி', அட்டையில் 'ளி'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பதிவு நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். அன்றைக்கு ஊருக்குத் திரும்பி, சத்தியக்கடதாசி முடித்து, மறுநாள் விடியக் காலை பஸ்ஸில் மீண்டும் போனேன். இடம் போகவில்லை. ஆனால் அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஆகவே மேசையில் எல்லாக் கடதாசியையும் வரிசையாகப் பரப்புங்கள். பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, விடுகைப் பத்திரம். முழுப்பெயரை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். வாய்விட்டு. இன்னொருவர் கேட்டால் இன்னும் நல்லது. பிறந்த திகதியையும் அப்படியே.

வித்தியாசம் இருந்தால் பயப்படவேண்டாம். சிறிய எழுத்து வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரே வேறாக இருந்தாலோ பிறந்த திகதி மாறியிருந்தாலோ சத்தியக்கடதாசி போதாது, உரிய திணைக்களத்தில் திருத்தவேண்டும். அதற்கு நாள் செல்லும். விண்ணப்பத்தைப் பரீட்சைத் திணைக்களத்தில் உள்ள பெயரோடு போட்டுவிட்டு, திருத்தத்தை அதே கிழமையே ஆரம்பியுங்கள்.

6. தொலைபேசியும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்

கொமினிகேசன் கடையில் விண்ணப்பம் போடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை இது. கடைக்காரத் தம்பி அவசரத்தில் தன் கடையின் மின்னஞ்சலையும் தன் இலக்கத்தையும் போட்டுவிடுவார். அவர் மீது குற்றம் இல்லை, வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆனால் கடவுச்சொல்லும் தெரிவு பற்றிய குறுஞ்செய்தியும் மாதங்களுக்குப் பிறகு அவருக்குத்தான் போகும். அதற்குள் அவர் சிம்மை மாற்றியிருப்பார்.

முதல் நாள் இரவே உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறவுங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். வீட்டில் நிலையாக இருக்கும் ஒரு இலக்கத்தைக் கொடுங்கள். வெளிநாட்டு மாமாவின் இலக்கம் வேண்டாம்.

7. இணையப் படிவம்

இப்போதுதான் கணினியைத் தொடவேண்டும். கடைசி நாள் தளம் இழுக்கும். அதற்கு முந்திய நாள் இரவு அல்லது விடியக் காலை நல்லது. மழைக்காலம் என்றால் மின்சாரம் போகும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள்.

சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தட்டச்சுச் செய்த பிறகு ஒருமுறை பின்னாலிருந்து முன்னால் வாசியுங்கள். முன்னாலிருந்து வாசித்தால் கண் பழக்கத்தில் பிழையைத் தாண்டிவிடும்.

மாவட்டத்தை நிரப்பும் இடத்தில் நில்லுங்கள். பொது விதிப்படி 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆகவே மாவட்டம் என்பது வெறும் முகவரி விபரம் அல்ல. முல்லைத்தீவில் வீடு, உயர்தரம் மட்டும் யாழ்ப்பாணத்திலோ வவுனியா நகரிலோ என்றால், கைநூலில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தொடுங்கள். எந்தெந்த வருடம் எந்தப் பாடசாலை என்று ஒரு தாளில் முதலிலேயே எழுதி வைத்திருந்தால் தடுமாறமாட்டீர்கள். விடுகைப் பத்திரத்தில் உள்ள திகதிகளோடு அது பொருந்தவேண்டும்.

8. தெரிவு ஒழுங்கு

இங்கே ஒரு பிழையான நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுகிறது: "கிடைக்கக்கூடியதை முதலில போடு, விருப்பமானதைப் பிறகு போடு." இதை யார் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

இசட் புள்ளிக்கு (உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளிக்கு) ஏற்ப, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அதைத் தருகிறார்கள். அதற்குக் கீழே உள்ளவை அதோடு முடிந்தன. ஆகவே முதலாவது இடத்தில் கிடைக்காத ஒன்றைப் போடுவதால் இரண்டாவது கிடைக்கும் வாய்ப்புக் குறைவதில்லை. ஆனால் விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே இருந்த ஊடகம் போய்விடும்.

ஊடகம்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் கலையும் திருகோணமலை தொடர்பாடல் கற்கைகளும் உங்கள் விருப்பப்படி முதல் இரண்டு இடத்தில் வரட்டும். இதற்குள் ஒரு நுணுக்கம் உண்டு. திருகோணமலையில் தெரிவானால் படிப்பது தொடர்பாடல்தான். யாழ்ப்பாணத்தில் கலைக்குத் தெரிவானாலும், ஊடகத்தில் சிறப்புக் கற்கைக்குப் போவது உள்ளே நீங்கள் எடுக்கும் புள்ளியில் தங்கியிருக்கும். வீட்டுக்குக் கிட்டவா, நேரடியாக அந்தத் துறையா என்பதை நீங்களும் வீட்டாரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், துறை உறுதியாகத் தெரிந்த பிள்ளை திருகோணமலையை முதலில் போடுவது நல்லது என்பேன்.

இரண்டோடு நிறுத்தவும் வேண்டாம். வேறு பல்கலைக்கழகங்களின் கலை, மொழி, சமூக விஞ்ஞானக் கற்கைகளில் நீங்கள் உண்மையாகவே போகத் தயாரான எல்லாவற்றையும் கீழே சேருங்கள். செய்தியாளராக வேலை செய்கிற பலர் வரலாறும் அரசியலும் படித்து வந்தவர்கள்தான். ஆனால் போகமாட்டேன் என்று தெரிந்த ஒன்றைச் சேர்க்கவேண்டாம்.

சில கற்கைகளுக்குத் தனி நுழைவுப் பரீட்சையும் தனி விண்ணப்பமும் உண்டு. அவற்றின் திகதி வேறாக இருக்கும். உங்கள் பட்டியலில் அப்படி ஏதும் இருந்தால் கைநூலில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. அச்சிடுதல், அனுப்புதல், அதன் பிறகு

படிவத்தை அச்சிட்டதும் கையொப்பம் வைக்கவேண்டிய எல்லா இடத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். வைத்த பிறகு ஒவ்வொன்றாக அழியுங்கள். கடைசிப் பக்கக் கையொப்பம்தான் எப்போதும் விடுபடும்.

கடதாசிகளைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால் பதிவுத் தபாலில் மட்டும் அனுப்புங்கள். திகதி என்பது தபாலில் சேர்க்கும் திகதியா, கொழும்பு வோர்ட் பிளேஸில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கிடைக்கவேண்டிய திகதியா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் உப தபாலகத்தை நம்பாமல் பெரிய தபாலகத்துக்கு, தபால் பை கட்டுமுன் போங்கள். பற்றுச்சீட்டை விண்ணப்பக் கொப்பியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அது இல்லாமல் நீங்கள் அனுப்பியதை நிரூபிக்க முடியாது.

வெட்டுப்புள்ளி (ஒவ்வொரு கற்கைக்கும் தெரிவாகத் தேவைப்பட்ட ஆகக்குறைந்த இசட் புள்ளி) வெளியான நாளிலிருந்து மின்னஞ்சலைத் தினமும் திறவுங்கள். தெரிவானவர்கள் குறித்த நாளுக்குள் இணையவழியில் பதியவேண்டும். பதியாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். தெரிவாகாதவர்களும் உடனே கைவிடவேண்டாம். இப்படி விடுபட்ட இடங்களை வெற்றிட நிரப்பலில் அடுத்த புள்ளிக்காரருக்குக் கொடுப்பார்கள். ஒரு அண்ணன் வயல் வெட்டில் நின்றபோது அந்தச் செய்தி வந்தது. மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தார். இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தபடியால் தப்பினார்.

10. திகதி தாண்டிவிட்டால், அல்லது வருடங்கள் தாண்டிவிட்டால்

முதலில் ஆணைக்குழுவின் தளத்திலும் பத்திரிகை அறிவித்தலிலும் நீடிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்வாரி அனுமதி இந்த வருடம் இல்லை. வெற்றிட நிரப்பலும் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களிடையேதான் நடக்கும். "தெரிந்த ஆள் மூலம் உள்ளே போடலாம்" என்று காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். இசட் புள்ளிப் பட்டியலில் அப்படி ஒரு வாசல் இல்லை.

தடவை மிச்சம் இருந்தால் மீண்டும் பரீட்சை எழுதலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் திகதியையும் தவறவிடவேண்டாம், அது பலருக்கு இரண்டாவது பிந்தலாகிவிடுகிறது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகம்தான். அதற்கு இசட் புள்ளி தேவையில்லை, விண்ணப்பமும் அதனிடமே நேரடியாக. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டு படிக்கலாம். கட்டணம் உண்டு, ஆகவே முதல் தவணைக் காசைச் சேர்த்துவிட்டு இறங்குங்கள்.

பல்கலைக்கழகங்கள் அழைக்கும் இதழியல் டிப்ளோமாக்கள் தனித் திகதியில், தனி விளம்பரத்தில் வரும். கொழும்பிலுள்ள இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது. அது பல்கலைக்கழகம் அல்ல, ஆனால் தொழில் கற்கலாம். இவற்றுக்கு நேர்முகத் தேர்வு வைத்தால் நீங்கள் எழுதியது எதையாவது கேட்பார்கள். அதற்காக இப்போதே மூன்று செய்தி எழுதி வையுங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் வான் கதவு, மருத்துவர் வராத கிளினிக் நாள், காணி அனுமதிப்பத்திரத்துக்கு அலையும் ஒரு குடும்பம். திகதி, இடம், கதைத்தவர் பெயர், அலுவலகத்தின் பதில் நான்கும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும்.

கடதாசிகள் சேர்த்த அந்த ஃபைலை அப்படியே வைத்திருங்கள். அடுத்த முறை விண்ணப்பம் திறக்கும் நாளில் விடுகைப் பத்திரமும் பிறப்பு அத்தாட்சியும் அதற்குள் தயாராக இருக்கும். கிராம அலுவலர் கடிதத்தை மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.